பழைய ஜீப்பின் நடுக்கம்: பாகத்தை மாற்றுமுன் காரணத்தைத் தேடுவோம்

ஊவா மாகாணத்தின் தோட்டப் புறங்களில் பழைய ஜீப் ஒன்றின் மதிப்பை அதன் விலையைக் கொண்டு அளந்துவிட முடியாது. பஸ் நின்றுவிடும் சந்திக்கு மேலே, தார் முடிந்து கல்லும் செம்மண்ணும் தொடங்கும் இடத்திலிருந்து லயங்களுக்கும் புதிய குடியிருப்புகளுக்கும் ஏறிவரக்கூடிய வாகனம் பல இடங்களில் அதுவொன்றேயாகும். போஞ்சி, கோவா மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டுபோவதும், பிரசவ வேதனைப்படும் தாயை பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதும், கூரைத் தகடும் சீமெந்தும் ஏற்றி வருவதும் அதுவே. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு ஏற்பட்டபோதும், 2025 நவம்பரில் டித்வா புயலின் பெருமழையால் பதுளை மாவட்டத்தின் பல இடங்களில் மலைகள் சரிந்தபோதும், வீடிழந்து வேறிடம் போக நேர்ந்த குடும்பங்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. காணி ஓரிடம், குடியிருப்பு ஓரிடம், சந்தை வேறோரிடம் என்றாகிவிட்டவர்களின் பிழைப்பு இத்தகைய வாகனங்களிலேயே தங்கியுள்ளது.

நமது மலைகளில் ஓடும் இவ்வகை வாகனங்களுள் பல முப்பது, நாற்பது ஆண்டுகளைக் கடந்தவை. 1948இல் இங்கிலாந்தில் உருவாகி, தோட்டத் துரைமாரின் வாகனமாக இங்கு அறிமுகமான லேண்ட்ரோவரும், பின்னர் வந்த மிட்சுபிஷி ஜீப்பும், டொயோட்டா லேண்ட்குரூசரும் இன்றும் பாரம் சுமக்கின்றன. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்தபோது உதிரிப்பாகங்களின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போயிற்று. எனவே, உள்ள வாகனத்தைக் காப்பாற்றிக்கொள்வதே நம்மவர்களுக்கு எஞ்சிய வழியாயிற்று.

இந்தப் பழைய வாகனங்களைப் பற்றி அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்றுண்டு. “மலையில் நன்றாகத்தான் ஓடுகிறது. வெல்லவாய தாண்டி எழுபதைத் தொட்டால் வண்டி முழுதும் நடுங்குகிறது.” இதற்கு மருந்தாக டயர் மாற்றுவார்கள், பின்னர் ஷொக் அப்சோபர் மாற்றுவார்கள், அதன்பின் பெயரிங். பணம் தீர்ந்துவிடும், நடுக்கம் தீராது. பின்பு அது பழகியும்போய்விடும். பழகிப்போவதுதான் ஆபத்து. நடுக்கம் என்பது ஏதோவொரு பாகம் தேய்ந்துகொண்டோ, தளர்ந்துகொண்டோ இருப்பதன் அறிவிப்பு. அதைப் படித்தறிவதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கவனமும், ஒரு கடதாசித் துண்டும், சற்றுப் பொறுமையும் போதும்.

மலையில் மறைந்து சமவெளியில் தோன்றுவது ஏன்?

பெரகலையிலிருந்து கொஸ்லந்தை வழியாகவோ, எல்லவிலிருந்து வெல்லவாய்க்கோ இறங்கும் பாதையில் இருபது, முப்பது கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் போகும் சாரதி புத்திசாலி அல்லர். வெல்லவாய – புத்தல வீதியிலோ, மகியங்கனைப் பக்கத்துச் சமவெளியிலோதான் வண்டிக்கு வேகம் வருகிறது. அங்கேதான் ஒளிந்திருந்த குறையும் வெளிப்படுகிறது.

சுழலும் சக்கரத்தில் ஒரு பக்கம் மட்டும் பாரம் கூடியிருந்தால், அந்தப் பாரம் சக்கரத்தை வெளிப்புறமாக இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இந்த இழுவை நான்கு மடங்காகும். ஓர் உதாரணம் பார்ப்போம். லேண்ட்ரோவரின் 16 அங்குல ரிம்மின் உட்புறத்தில் 200 கிராம் செம்மண் காய்ந்து ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் அது ஏறத்தாழ 3 கிலோ நிறைக்குச் சமமான விசையுடன் சக்கரத்தை இழுக்கும். 80 கிலோமீற்றர் வேகத்தில் அதே மண் 13 கிலோவுக்குச் சமமான விசையுடன், மேலும் கீழுமாக, விநாடிக்கு ஒன்பது தடவை இழுக்கும். கைப்பிடி மண் செய்யும் வேலை இது. ஆகவே, மழைக்காலத்தில் தோட்டப் பாதையிலிருந்து இறங்கிவந்த வண்டி நடுங்கினால், முதற் சிகிச்சை நான்கு ரிம்களின் உட்புறத்தையும் நீரூற்றிக் கழுவுவதே. இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

நடுக்கம் எதைப் பின்தொடர்கிறது?

கழுவியும் நடுக்கம் தீரவில்லையாயின், அது எதைப் பின்தொடர்கிறது என்று கண்டறிய வேண்டும். வண்டியில் சுழலும் பாகங்கள் மூன்று வகைப்படும். எஞ்சினோடு சுழல்பவை ஒரு வகை. கியர்பெட்டியிலிருந்து அச்சுகளுக்குப் பலத்தைக் கொண்டுசெல்லும் புரொப்பலர் ஷாஃப்ட்டுகள் இன்னொரு வகை. சக்கரமும் அதனோடு சுழலும் ஹப், டிரம் ஆகியன மூன்றாவது வகை. இவற்றைப் பிரித்தறியப் பின்வரும் கேள்விகள் உதவும்.

முதலாவது: வண்டி நின்றிருக்கும்போது எஞ்சினை வேகப்படுத்தினால் அதே நடுக்கம் வருகிறதா? வந்தால், எஞ்சினையும், அதைத் தாங்கும் றப்பர் மவுண்டிங்கையும், விசிறியையும், கிளட்சையும் பாருங்கள். டயர் வாங்க ஓடவேண்டாம்.

இரண்டாவது: ஒரே வேகத்தில் மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் ஓட்டிப் பாருங்கள். கியர் மாறும்போது நடுக்கமும் மாறினால் குறை எஞ்சின் பக்கம். மாறாவிட்டால் கியர்பெட்டிக்குப் பின்னால்.

மூன்றாவது: வாகன நெரிசலற்ற, நேரான, சமதரையான வீதியில் நடுக்கம் வரும் வேகத்தை அடைந்ததும் இரண்டு மூன்று விநாடிகள் கிளட்சை மிதித்துப் பாருங்கள். எஞ்சின் அடங்கியும் நடுக்கம் தொடர்ந்தால் சக்கரமோ ஷாஃப்ட்டோ காரணம். இந்தச் சோதனையை இறக்கத்தில் ஒருபோதும் செய்யலாகாது. மலையிறங்கும் வண்டியை எஞ்சினிலிருந்து பிரிப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

நான்காவது: பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்குகிறதா? அப்படியானால் பிரேக் டிரம் வட்டம் கெட்டிருக்கலாம். டிஸ்க் உள்ள வண்டியில் டிஸ்க் நெளிந்திருக்கலாம்.

ஐந்தாவது: நடுக்கம் எங்கே தெரிகிறது? ஸ்டியரிங் கையில் உதறினால் பெரும்பாலும் முன்சக்கரங்கள். ஆசனத்திலும் தரையிலும் தெரிந்தால் பின்சக்கரங்கள் அல்லது புரொப்பலர் ஷாஃப்ட்.

உதறலா, இரைச்சலா என்பதும் முக்கியம். 7.50-16 அளவு டயர் ஒருமுறை சுழன்றால் வண்டி ஏறத்தாழ இரண்டரை மீற்றர் நகரும். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் சக்கரம் விநாடிக்கு ஒன்பது முறை சுழல்கிறது. பழைய சீரிஸ் லேண்ட்ரோவரில் சக்கரம் ஒருமுறை சுழல ஷாஃப்ட் 4.7 முறை சுழல வேண்டும். அதாவது, விநாடிக்கு நாற்பதுக்கும் மேல். ஆகவே, சக்கரத்தின் குறை கண்ணாலும் கையாலும் உணரக்கூடிய ‘தட தட’ என்ற உதறலாகத் தெரியும். ஷாஃப்ட்டின் குறையோ தரையில் வைத்த பாதத்தில் கூசுவதுபோன்ற அதிர்வாகவும், ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலாகவும் வரும். இந்த வேறுபாட்டை ஒருமுறை உணர்ந்துகொண்டவர் பின்னர் மறப்பதில்லை.

சக்கரத்தைச் சோதித்தல்

ஜாக் வைக்குமுன் ஓர் எச்சரிக்கை. லேண்ட்ரோவரின் சீரிஸ், டிஃபென்டர் வகைகளில் கைப்பிரேக் சக்கரங்களை நேராகப் பிடிப்பதில்லை. கியர்பெட்டிக்குப் பின்னாலுள்ள ஒரு டிரம்மையே பிடிக்கிறது. அந்தப் பிடி பின் ஷாஃப்ட் வழியாகவே சக்கரங்களை அடைகிறது. ஆதலால் ஒரு பின்சக்கரத்தை ஜாக்கில் உயர்த்தியதும் கைப்பிரேக் போட்டிருந்தாலும் வண்டி உருளக்கூடும். பழைய ஜீப்புகள் வேறு சிலவற்றிலும் இதே அமைப்பு உண்டு. சமதரையில் நிறுத்தி, தரையிலுள்ள சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்த பின்னரே வேலையைத் தொடங்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழே போகவேண்டாம்.

டயரின் காற்றை அளந்து, முன்னிரண்டுக்கும் சமமாகவும் பின்னிரண்டுக்கும் சமமாகவும் வையுங்கள். பின்பு ஒவ்வொரு சக்கரமாக உயர்த்திக் கையால் சுழற்றுங்கள். ஒரு குச்சியைத் தரையில் ஊன்றி, அதன் முனையை முதலில் ரிம்மின் விளிம்புக்கும், பின்னர் டயரின் முகத்துக்கும் அருகே பிடியுங்கள். ரிம் ஆடினால் ரிம் நெளிந்துள்ளது. ரிம் நேராக இருக்க டயர் மட்டும் ஏறியிறங்கினால் குறை டயரில். ரீபில்ட் செய்த டயர்களில் இது சாதாரணம். வீக்கம் தென்பட்டால் அந்த டயரை உடனே கழற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் ஓரிடத்தில் நின்ற வண்டியின் டயர் தரைபட்ட இடத்தில் தட்டையாகியிருக்கும். சற்று ஓடியபின் அது சரியாகிவிடுவதும் உண்டு.

அடுத்து, முன்சக்கரங்களைப் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் பூட்டுங்கள். ஸ்டியரிங்கில் இருந்த உதறல் ஆசனத்துக்கு மாறினால் குற்றவாளி டயரோ ரிம்மோதான். அப்போது வீல் பெலன்ஸ் செய்யப் பணம் கொடுப்பதில் பயனுண்டு. மாற்றியும் உதறல் இடம் மாறாவிட்டால் பெலன்ஸ் செய்வதும் புதிய டயர் வாங்குவதும் வீண். குறை ஹப்பிலோ, டிரம்மிலோ, ஸ்டியரிங் இணைப்புகளிலோ உள்ளது.

வீல் நட்களைக் குறுக்கும் மறுக்குமாக, சிறிது சிறிதாக இறுக்குங்கள். சற்றுத் தூரம் ஓடியபின் மீண்டும் பாருங்கள். நட் உட்காரும் துளை நீண்டுபோயிருந்தால் அந்த ரிம் பயன்பாட்டுக்கு உதவாது. பாறையும் பள்ளமுமான பாதையில் நட் தளர்வது அரிதன்று. நடுக்கத்துக்கான காரணங்களுள் ஒரே நாளில் உயிரைப் பறிக்கக்கூடியது இதுவாகும்.

முன் அச்சின் உதறல்

சில வண்டிகளில் முன்சக்கரம் ஒரு குழியில் விழுந்தவுடன் ஸ்டியரிங் இருபுறமும் வெறிகொண்டு உதறத் தொடங்கும். வேகம் நன்கு குறையும்வரை ஓயாது. இரு முன்சக்கரங்களையும் ஒரே இரும்பு அச்சு இணைக்கும் வண்டிகளில் இது தெரிந்த நோய். இது நேர்ந்தால் ஸ்டியரிங்கை உறுதியாக, நேராகப் பிடித்துக்கொண்டு, காலை எடுத்து மெல்ல வேகத்தைக் குறையுங்கள். திடீரென்று பிரேக் அடிக்க வேண்டாம்.

இதன் காரணம் பெரும்பாலும் தளர்வு. உயர்த்திய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் வீல் பெயரிங்கினதும் சுவிவலினதும் தளர்வு தெரியும். இடமும் வலமும் பிடித்து அசைத்தால் டை ரொட் முனைகளின் தளர்வு தெரியும். ஸ்பிரிங் பிளேட்டுகளைத் தாங்கும் புஷ்களையும் பாருங்கள். லேண்ட்ரோவரின் சுவிவல் எவ்வளவு இறுக்கமாக இருக்கவேண்டும் என்பது கைநூலில் உள்ளது. அதை ஸ்பிரிங் தராசு கொண்டு இழுத்து அளப்பார்கள். கொழுந்து நிறுக்கும் இடங்களில் பார்த்துப் பழகிய அதே வகைத் தராசுதான். ஸ்டியரிங் டம்பரைப் புதிதாகப் பூட்டினால் உதறல் அடங்கியதுபோல் தோன்றும். தளர்வு அப்படியே இருக்கும். டம்பர் தேய்ந்ததும் உதறல் திரும்பி வரும்.

புரொப்பலர் ஷாஃப்ட்

சக்கரங்களில் குறையில்லை, பாதத்தில் அதிர்வு உண்டு, காலை அழுத்தும்போதும் எடுக்கும்போதும் அந்த அதிர்வு மாறுகிறது என்றால் ஷாஃப்ட்டைப் பார்க்கவேண்டும். ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் யுனிவர்சல் ஜொயின்ட் உண்டு. நடுவே சிலுவை வடிவான ஓர் இரும்பு. அதன் நான்கு முனைகளிலும் ஊசி பெயரிங். பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கில விஞ்ஞானி ரொபர்ட் ஹூக்கின் பெயரால் இது இன்றும் அழைக்கப்படுகிறது. இதற்கு ஓர் இயல்பு உண்டு. சாய்வாகச் சுழலும்போது ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தாமதித்தும் சுழலும். மறுமுனையிலுள்ள இரண்டாவது ஜொயின்ட் இந்த ஏற்றத்தாழ்வைச் சமப்படுத்துகிறது. அதற்கு இரு நிபந்தனைகள்: இரு முனைகளின் கவைகளும் ஒரே நேரில் இருக்கவேண்டும், இரு முனைகளின் சாய்வும் சமமாக இருக்கவேண்டும்.

முதல் நிபந்தனை பெரும்பாலும் மனிதர் கையாலேயே கெடுகிறது. ஷாஃப்ட்டின் நடுவே நீண்டு குறுகக்கூடிய பல்லிணைப்பு ஒன்றுண்டு. கிரீஸ் பூசுவதற்காக அதைப் பிரித்துவிட்டு ஒரு பல் தள்ளிப் பூட்டினால் போதும். நேற்றுவரை நடுங்காத வண்டி இன்று நடுங்கும். பிரிக்குமுன் இரு பாதிகளிலும் நேராக ஒரு பெயின்ட் கோடு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பிற்கால லேண்ட்ரோவர் சிலவற்றின் முன் ஷாஃப்ட் வேண்டுமென்றே சற்றுத் தள்ளிப் பூட்டப்பட்டு வந்துள்ளது. எனவே, இருந்தபடியே திருப்பிப் பூட்டுவதே பாதுகாப்பான விதி.

இரண்டாவது நிபந்தனையைக் கெடுப்பது பாரம். மரக்கறி மூட்டை கூடுதலாக ஏற்றவென ஸ்பிரிங்குக்கு மேலதிக பிளேட் போடுவது நம் பகுதியில் வழக்கம். அதனால் வண்டி உயர்ந்து ஷாஃப்ட்டின் சாய்வு மாறும். பழைய எஞ்சினை எடுத்துவிட்டு வேறு டீசல் எஞ்சின் பொருத்திய வண்டிகளிலும் இதே குறை வரலாம். வெறும் வண்டி நடுங்கி, பாரம் ஏற்றியதும் அடங்கினால் இதைச் சந்தேகியுங்கள்.

ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து முறுக்கியும் மேலும் கீழும் தூக்கியும் பாருங்கள். ஜொயின்ட்டில் அசைவு இருக்கலாகாது. பெயரிங் மூடிகளைச் சுற்றிச் செங்கல்தூள் போன்ற துரு தெரிந்தால் உள்ளே கிரீஸ் வற்றிவிட்டது. குழாயில் கல் பட்டு நசுங்கியிருக்கிறதா, கம்பியோ சாக்கோ சுற்றியிருக்கிறதா, ஒட்டியிருந்த சிறு பெலன்ஸ் தகடு விழுந்த அடையாளம் உண்டா என்றும் பாருங்கள்.

தேய்ந்த ஜொயின்ட் ஓடும்போது உடைந்தால் ஷாஃப்ட்டின் முனை தரையில் அடிக்கும். பிரேக் குழாயையும் அறுக்கக்கூடும். மேலே சொன்ன வகை வண்டிகளில் பின் ஷாஃப்ட் அறுந்த கணமே கைப்பிரேக்கும் செயலற்றுவிடும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பசறை மலையிலோ ஹப்புத்தளைச் சரிவிலோ இது நேர்ந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். தரையில் தொடங்கிய இரைச்சலை அலட்சியம் செய்யலாகாது என்பது இதனாலேயே.

ஒரு குழுவின் அனுபவம்

மீள்குடியேறிய விவசாயக் குடும்பங்கள் சில சேர்ந்து, மேட்டு நிலத்து மரக்கறியைச் சமவெளிச் சந்தைக்குக் கொண்டுபோக ஒரு பழைய லேண்ட்ரோவரை வாங்கியிருந்தன. சில மாதங்களில் அறுபத்தைந்தைத் தாண்டினால் நடுக்கம் வந்தது. கராஜில் சொன்னபடி இரண்டு புதிய டயர்கள் வாங்கினார்கள். பின்பு ஸ்டியரிங் டம்பர். பின்பு வீல் பெலன்ஸ். விதைக்கிழங்குக்கென்று ஒதுக்கிய பணம் இதில் கரைந்தது; நடுக்கம் அப்படியே இருந்தது.

குழுக் கூட்டத்தில் கணக்கு வாசித்தபோது ஒரு பெண்மணி கேட்டார்: “இது எந்த நாளில் தொடங்கியது, தம்பி?” சாரதி யோசித்துச் சொன்னார்: “சேர்விஸ் செய்து கொண்டுவந்த மறுநாள், அக்கா.” அந்தப் பதிலே போதுமாயிருந்தது. சேர்விஸில் தொட்ட பாகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பின் ஷாஃப்ட்டின் கவைகள் ஒரே நேரில் இல்லை. பிரித்துத் திருப்பிப் பூட்டியதும் வண்டி அமைதியாயிற்று. செலவு ஒரு மணி நேரக் கூலி. அந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு வண்டியோட்டவே தெரியாது. கணக்குப் புத்தகத்தைக் கவனமாக வைத்திருப்பவர், அவ்வளவே.

கராஜுக்குப் போகுமுன்

நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்பார்கள். ஆனால், இருக்கும் சிறு பணத்தில் இரண்டுக்கும் செலவழிக்க நம்மால் முடியாது. வண்டியை மெக்கானிக்கிடம் கொடுக்குமுன் பின்வருவனவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள்:

1. நடுக்கம் தொடங்கிய நாள். அதற்கு முன் வண்டியில் செய்த வேலை.
2. எந்த வேகத்தில் தொடங்குகிறது. எந்த வேகத்தில் அடங்குகிறது.
3. ஸ்டியரிங்கிலா, ஆசனத்திலா, தரையிலா, உதறலா, இரைச்சலா.
4. கிளட்ச் மிதித்தால், கியர் மாற்றினால், பிரேக் பிடித்தால், பாரம் ஏற்றினால் என்ன மாற்றம்.
5. ரிம் கழுவியும், காற்று அளந்தும், சக்கரங்களை முன்பின் மாற்றியும் கண்ட பலன்.

நல்ல மெக்கானிக் இத்தாளைக் கண்டு கோபிக்கமாட்டார். அவருடைய அரைநாள் வேலை இதனால் மிச்சமாகிறது. பாகம் மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னால், “எதைக் கண்டு அப்படிச் சொல்கிறீர்கள்?” என்று மரியாதையோடு கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போகச் சொல்லுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்பது யாருக்கும் தெரியாது.

இந்தத் தாள்களை எறிந்துவிடாமல் ஒரு கொப்பியில் ஒட்டி வண்டியிலேயே வையுங்கள். சாரதி மாறலாம், வண்டி வேறொரு குழுவின் கைக்கும் போகலாம். அடுத்தவர் முதலிலிருந்து பணம் இறைக்காமல் இருக்க அந்தக் கொப்பி உதவும்.